அளவு ஜாக்கெட்

ஜன்னல் பக்கம் நீங்களே இருந்துக்கிடுங்க தங்கச்சி, எனக்கு வேண்டாம். நான் அடிக்கடி எந்திரிப்பேன், உக்காருவேன். நேத்து சாயந்திரத்துல இருந்து எனக்கு ஒரு எடத்துல இருப்புக் கொள்ளல. மதுரைக்கா போறிய? நல்லதாப் போச்சு, மூணு மணி நேரத்துக்குப் பேச்சுத் துணை ஆச்சு. இந்தப் பை மட்டும் என் மடியிலயே இருக்கட்டும். மேல வச்சா கசங்கிரும். முகூர்த்த ஜாக்கெட்டு. எம் மகளுக்கு இன்னையில இருந்து பதினோராம் நாள் கல்யாணம்.

சந்தோஷம்தான். அப்புறம் ஏன் மூஞ்சி இப்பிடி இருக்குன்னு பாக்கிய. மக ஒரு வாரமா போன எடுக்க மாட்டேங்கா. எங்கிட்ட பேசுவாளா, கல்யாணத்துக்கு வந்து மணையில உக்காருவாளா, ஒண்ணும் தெரியல. அதான் கடைய அடைச்சுப்போட்டுக் கெளம்பிட்டேன். மணி என்ன ஆச்சு? எட்டேகாலா? இந்த டிரைவர் ஏன் மாட்டுவண்டி ஓட்டுத மாதிரி ஓட்டுதாரு?

எம் பேரு கோமதி. சங்கரன்கோயில்ல கோமதி டெய்லர்னு கேட்டா பச்சப்புள்ளையும் வழி சொல்லும். முப்பது வருசமா ஜாக்கெட்டு மட்டுந்தான் தைக்கேன். சுடிதார் கிடையாது, பாவாடை கிடையாது. டேப்பே வேண்டாம், கண்ணால பாத்தே அளவு சொல்லிருவேன். கோவிச்சுக்கிடாதீங்க, உங்களுக்கு முப்பத்தெட்டு. தச்சவ முப்பத்தாறுல தச்சிருக்கா. கையத் தூக்கினா கக்கத்துல பிடிக்கும். பாத்தியளா, சிரிக்கிய.

டாக்டர்மாருக்குத் தெரியாத ரகசியமெல்லாம் டெய்லருக்குத் தெரியும் தங்கச்சி. டாக்டர்கிட்ட வருசத்துக்கு ஒருக்கப் போவாங்க. எங்கிட்ட தீவாளிக்கு, பொங்கலுக்கு, கல்யாணத்துக்கு, வளைகாப்புக்குன்னு வருவாங்க. யாரு எளைச்சா, யாரு பெருத்தா, எளைச்சேன்னு சொல்லிக்கிட்டே யாரு பெருத்தா, எல்லாம் என் டேப்புக்குத் தெரியும். ஆளு பொய் சொல்லும். டேப்பு சொல்லாது.

பாங்கியில வேலை பாக்குற அம்மா ஒருத்தங்க. வயித்துல ரப்பர் பெல்ட்டு ஒண்ணக் கட்டிக்கிட்டு நடப்பாங்க. வேர்வை ஊத்தும். கொழுப்பு உருகுதும்பாங்க. ஒரு நாளு நடந்த கையோட கடைக்கு வந்து, "கோமதி, இப்ப டேப்பு வச்சுப் பாரு"ன்னாங்க. வச்சேன். அரை இஞ்சு கொறச்சல். அவங்களுக்குத் தலைகால் புரியல. மறுநாள் ஜாக்கெட்டு வாங்க வந்தப்ப நானே திரும்ப வச்சேன். அரை இஞ்சும் பத்திரமா வீடு வந்து சேந்துட்டு. "உருகினது கொழுப்பு இல்லம்மா, தண்ணி. ரெண்டு செம்பு குடிச்சா திரும்பிரும்"னேன். என்ன சொன்னாங்க தெரியுமா? "உன் டேப்பு பழசு கோமதி"ன்னாங்க.

இன்னொருத்தங்க டீச்சரு. சோறுதான் சத்துருன்னு யாரோ சொல்லிட்டான். ராத்திரி சப்பாத்தி. எத்தன டீச்சர்னு கேட்டேன். அஞ்சாம். தொட்டுக்க? உருளைக்கெழங்கு குருமா. அரிசி என்ன தங்கச்சி பாவம் பண்ணிச்சு? இன்னொரு அம்மா விடியக்காலம் வெந்நில தேன். ஆறு மாசம். இடுப்பு ஒரு இஞ்சு கூடிட்டு. தேன் இனிக்குதா இல்லையா, அது சீனிக்கு அக்கா தங்கச்சிதானன்னு கேட்டா, கலப்படத் தேன் வாங்கிட்டேன் போலங்காங்க. கொள்ளும் அப்பிடித்தான். இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சொன்னவன் நல்லாத்தான் சொன்னான். ஆனா நல்லெண்ணெயில தாளிச்ச கொள்ளு ரசத்த ரெண்டு தட்டுச் சோத்துல ஊத்தித் திங்கச் சொன்னானா அவன்?

வயிறு மட்டும் கொறையணும்னு ஒரு புள்ள தெனம் நூறு தடவ படுத்து எந்திரிச்சா. ரெண்டு மாசம் கழிச்சு அளந்தேன். கொறைஞ்சது எது? கை. அப்புறம் கழுத்துப் பக்கம். வயிறு அப்பிடியே இருக்கு. அழுதா. "ஒடம்பு என்ன, நாம சொன்ன எடத்துல பிரியுததுக்குத் தையலாம்மா? அது இஷ்டத்துக்குத்தான் பிரியும்"னு தேத்தி அனுப்புனேன். நர்சம்மா ஒருத்தங்க ஜிம்முல போயி இரும்பு தூக்குனாங்க. பொம்பளைக்கு ஆம்பள மாதிரி கை வந்துரும்னு தெருவே சிரிச்சுச்சு. கை சுத்தளவு கால் இஞ்சுகூட ஏறல தங்கச்சி, இடுப்பு ரெண்டு இஞ்சு எறங்கிட்டு. ஆனா எடை மிசின்ல ஏறி நின்னா அதே எடை. மிசினை நம்பி அவங்களும் அழுதாங்க. நான்தான் டேப்பக் காட்டுனேன்.

நெசமா கொறைஞ்சவங்க எத்தன பேருன்னு கேளுங்க. முப்பது வருசத்துல ஒரு கை விரலுக்குள்ள அடங்கிரும். முறுக்குக் கடை செண்பகவல்லி அக்கா. எல்லாத்தையும் தின்னாங்க, கொஞ்சமாத் தின்னாங்க, தெனம் நடந்தாங்க. மூணு இஞ்சு. ஒன்றரை வருசம் ஆச்சு. இத யாருகிட்டயாவது சொன்னா கேப்பாங்களா? "மூணு மாசத்துல கொறைய வழி சொல்லு கோமதி"ம்பாங்க. "மூணு மாசத்துல கொறைஞ்சா ஆளு நிக்காதும்மா"ன்னு எத்தன பேருகிட்டச் சொல்லியிருக்கேன்.

இருங்க, போனு அடிக்குதா? இல்ல, பக்கத்து சீட்டு. நம்ம போனு ஊமையா கெடக்கு.

இதுல பெரிய கூத்து என்ன தெரியுமா, அளவு ஜாக்கெட்டு. நீங்களும் குடுப்பிய. டேப்பு வைக்க வெக்கப்பட்டுக்கிட்டு, "இந்த அளவுக்குத் தச்சிருங்க"ன்னு பழைய ஜாக்கெட்ட நீட்டுவாங்க. அது எப்ப தச்சது? தலைப்பிரசவத்துக்கு முந்தித் தச்சது. "இப்ப இது பத்துமாம்மா?" "பத்தும், பத்தும், நான் டயட்டுல இருக்கேன்." அவ்வளவு பேரும் பீரோவுக்குள்ள பத்து வருசத்துக்கு முந்தின தன்னை மடிச்சு வச்சிருக்காங்க.

நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சரிம்பேன். ஆனா தைக்கும்போது கண் மதிப்புல ஒரு இஞ்சு கூட்டிருவேன். அது போக, உள்ளுக்குள்ள தையலுக்கு அந்தப் பக்கம் ரெண்டு இஞ்சு துணி விட்டுருவேன். எப்ப வேணும்னாலும் பிரிச்சு விட்டுக்கிடலாம். போட்டுப் பாத்துட்டு, "பாத்தியா கோமதி, பழைய அளவு சரியா இருக்கு"ன்னு சந்தோஷமாப் போவாங்க. போகட்டுமே. ஒரு ஜாக்கெட்டு ஒரு பொம்பளைய அழ வைக்கலாமா? அது நம்ம தொழில் தர்மம்.

ஐயோ, ராஜபாளையம் வந்துட்டா? கொஞ்சம் பின்னால சாஞ்சுக்கிடுங்க தங்கச்சி. நான் தலைய முக்காடு போட்டுக்கிடுதேன். சம்பந்தி வீடு இந்த ஊருதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல பாத்திரக் கடை. கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருக்கையில பொண்ணோட அம்மா தனியா எங்க போறான்னு கேட்டா என்னத்தச் சொல்ல? ... கெளம்பிட்டா? போயிட்டமா? அப்பாடா.

அந்தச் சம்பந்தியம்மா நல்லவங்கதான். குறை சொல்லக் கூடாது. பூ வைக்க வந்த அன்னைக்கு எம் மக தாரணிக்குத் தலையில பூ வச்சுட்டு, கன்னத்தத் தடவி, எல்லாரு முன்னாலயும், "பொண்ணு லட்சணம். கொஞ்சம் பூசினாப்ல இருக்கா. கல்யாணத்துக்குள்ள குறைச்சிருவா, என்ன தாரணி? போட்டோவுல நல்லா விழணும்லா"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. தாரணியும் சிரிச்சா. மாப்பிள்ளைப் பையன் மட்டும், "சும்மா இரும்மா"ன்னான்.

எனக்குத்தான் சுருக்குன்னு தச்சுட்டு. ஊரு பொம்பளைங்களுக்கெல்லாம் ஒடம்புல நிக்குற மாதிரி தச்சுக் குடுக்கவ நான். எம் மகளப் பாத்து ஒரு சொல்லு வரலாமா? அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

அதுக்காக நான் அந்த பெல்ட்டு, தேனு, அந்த முட்டாத்தனமெல்லாம் பண்ணச் சொல்லுவனா? ஒண்ணும் சொல்லல. அவளக் குண்டுன்னு இந்த வாயால சொன்னதே கெடையாது. திங்காதன்னும் சொல்லல. நான் பண்ணுனது ஒண்ணே ஒண்ணுதான். முகூர்த்த ஜாக்கெட்ட மூணு மாசம் முந்தியே தச்சுட்டேன். அவ காலேஜ் ரெண்டாம் வருசம் படிக்கையில போட்ட ஜாக்கெட்டு ஒண்ணு பீரோவுல இருந்துச்சு. அத அளவுக்கு வச்சு வெட்டுனேன்.

ஏன் அப்பிடிப் பாக்கிய? அவங்க எல்லாரும் குடுக்க அளவு ஜாக்கெட்டு வேற, இது வேற. அவங்க ஆசைக்குக் குடுக்காங்க. நான் ஒரு லட்சியத்துக்காக வச்சேன். மூணு மாசம் டைம் இருக்குல்லா? எதுக்க ஒரு ஜாக்கெட்டு தொங்குனா மனுஷிக்குத் தானா ஒரு வேகம் வரும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மதுரையில இருந்து வருவா. அங்க ஒரு லேப்புல ரத்தம் எடுக்குற வேலை, ஆஸ்டல்ல இருக்கா. வந்து சாப்பிட உக்காந்தா, அவளுக்கு எதுக்க செவத்துல ஆணியில ஜாக்கெட்டு. கையில ஆரி ஒர்க்கு, முழுக்க என் கையால போட்டது. ஒரு மயிலு போட மூணு நாளு ஆச்சு. ரெண்டு கைக்கும் நாலு மயிலு. எந்தத் தாயி செய்வா சொல்லுங்க.

எங்க வீட்டுக்காரரு மட்டும், "ஊருக்குத்தான் ஒம் உபதேசமா?"ன்னாரு. அவருக்கு என்ன தெரியும். அவருக்குச் சட்டையே ரெடிமேட்.

மொத மாசம் அவ சோத்தப் பாதியாக் கொறைச்சா. நான் சந்தோஷப்பட்டேன். ரெண்டாம் மாசம், "பசிக்கலம்மா"ன்னா. கன்னம் ஒட்டிச்சு. எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணுமோ என்னமோ. ஆனா பாக்கவங்க எல்லாரும், "தாரணி எளைச்சு அழகாயிட்டா"ன்னு சொல்லுதாங்க தங்கச்சி. அத்தன பேரு சொல்லையில தாய்க்குப் பெருமையா இருக்காதா?

போன ஞாயித்துக்கிழமை போட்டுப் பாக்கச் சொன்னேன். கை ரெண்டும் ஏறிட்டு. முன்னால ஹூக்கு மாட்டப் போனா எட்டல, நடுவுல எடைவெளி. நாலு விரக்கடை. "மூச்ச இழுத்துப் பிடி"ன்னேன். பிடிச்சா. மூணு விரக்கடை. "இன்னும் இழு"ன்னேன். நான் ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுத்து மேல் ஹூக்க மாட்டிட்டேன். ரெண்டாவது மாட்டையில அவ உதடு வெள்ளையாப் போச்சு. அப்பிடியே என் மிசின் பக்கத்துல தரையில உக்காந்துட்டா. "ஒண்ணுமில்லம்மா, தல சுத்துது"ன்னா. தண்ணி குடுத்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு அவளே கழட்டுனா. பொறுமையா மடிச்சா. மிசின் மேல வச்சா.

"இது யாரு அளவும்மா?"ன்னு கேட்டா.

"ஒன் அளவுதாண்டி. காலேஜ்ல போட்டது"ன்னேன்.

"அந்தப் புள்ள இப்ப இல்லம்மா"ன்னா. பைய எடுத்துக்கிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போயிட்டா. சாப்பிடக்கூட இல்ல. கறி எடுத்து வச்சிருந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரா? பால்கோவாக்காரன் ஏறிட்டான் பாருங்க. ஏய், இந்தப் பக்கம் வராதப்பா, போ போ. இனிப்பாக் கொண்டாந்து மூஞ்சில நீட்டுதான். எம் மகளுக்கு உயிரு. சின்னப்புள்ளையில இந்த ஊரு வந்தாலே தூங்குறவ முழிச்சுக்கிடுவா. மூணு மாசமா வாங்கிக் குடுக்கல, மனசக் கல்லாக்கிக்கிட்டேன். நீங்க வாங்குனா வாங்கிக்கிடுங்க, எனக்கு ஒண்ணுமில்ல. கால் கிலோவா? ம். உங்களுக்கு முப்பத்தெட்டுன்னு சொன்னேன்லா. சரி சரி, வீட்டுப் பிள்ளைகளுக்கு. நான் ஒண்ணும் சொல்லல.

நேத்து சாயந்திரம் அவ கூட ரூம்ல இருக்க மெர்சின்னு ஒரு புள்ள பேசுச்சு. "ஆன்ட்டி, தாரணி சொல்லக் கூடாதுன்னா. எனக்கு மனசு கேக்கல. மூணு வாரமா வெறும் வெள்ளரிக்காயும் வெந்நியும்தான் ஆன்ட்டி. இப்ப ஒரு வாரமா அதுவும் சரியாக் கெடையாது. இன்னைக்கு ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுக்கும்போது மயங்கி விழுந்துட்டா. குளுக்கோஸ் ஏத்தி அனுப்பிட்டாங்க. ரூம்லதான் படுத்திருக்கா"ன்னு சொல்லுச்சு. "ஏன்மா இப்பிடிப் பண்ணுதா?"ன்னேன். "அந்த ஜாக்கெட்டுக்குள்ள நுழைஞ்சு காட்டிட்டுத்தான் அம்மாகிட்ட பேசுவேங்கா ஆன்ட்டி"ன்னுச்சு.

வெள்ளரிக்காயத் தின்னுன்னு நானா சொன்னேன் தங்கச்சி? நீங்களே சொல்லுங்க. நான் வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னனா? நானும் ராத்திரி பூரா யோசிச்சுப் பாக்கேன். சொல்லவே இல்ல. ஒரு வார்த்தகூட.

கிருஷ்ணன்கோயில் தாண்டிட்டா? கல்லுப்பட்டியா இது? ஏன் இங்க நிப்பாட்டுதான்? டீ குடிக்கானா? மனுசன் அவசரம் தெரியாத டிரைவரு. நான் கொஞ்சம் எந்திரிச்சு நிக்கேன்.

இல்ல, ஒண்ணும் பயமில்ல. எல்லாம் யோசிச்சுத்தான் கெளம்பிருக்கேன். அவ ரூமுக்குப் போவேன். "இந்தாடி, பிரிச்சு விட்டுட்டேன், போடு"ன்னு குடுப்பேன். அம்புட்டுத்தான். சைடு தையலப் பிரிச்சா முடிஞ்சது. என் பர்சுல எப்பவும் பாதி பிளேடு இருக்கும். இந்தா, வண்டி எடுத்துட்டான். மதுரை போறதுக்குள்ள பிரிச்சிருவேன். இந்தத் துணிய ஒரு ஓரம் பிடிச்சுக்கிடுங்க தங்கச்சி. மயிலுல நகம் பட்டுறாம. உள்பக்கம் திருப்புங்க. அப்பிடித்தான். எல்லா ஜாக்கெட்டுலயும் ரெண்டு இஞ்சு விட்டிருப்பேன். முப்பது வருசப் பழக்கம், யோசிக்கவே வேண்டாம், கை தன்னால விடும்...

எங்க இருக்கு?

அந்தப் பக்கம் பாருங்க. இல்லையா? இங்கயும் இல்லையே. தையல ஒட்டி நறுக்குன மாதிரி இருக்கு. கால் இஞ்சுகூட இல்ல. நான் விட்டேனே. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, வெட்டும்போது விட்டேன், ரெண்டு பக்கமும் ரெண்டு இஞ்சு...

ஆமா. விட்டேன். தச்சு முடிச்ச அன்னைக்கு நானேதான் கத்தரிய எடுத்து வெட்டிப் போட்டேன். இருந்தா பிரிக்கச் சொல்லுவான்னு. பிரிக்க எடமிருந்தா கொறைய மாட்டான்னு. வெட்டுன துணி பட்டுத்துணி, மிசினுக்குக் கீழ கெடந்துச்சு. பெருக்கி அள்ளிட்டேன்.

ஊருல அத்தன பேருக்கும் ரெண்டு இஞ்சு விட்டிருக்கேன் தங்கச்சி. எங்கிட்ட சண்ட போட்டவளுக்கும் விட்டிருக்கேன். பாங்கி அம்மாவுக்கு விட்டிருக்கேன். இவளுக்கு விடல.

பிளேட வாங்கி வச்சுக்கிடுங்க. கையில பட்டுறப் போகுது.

ஒட்டுப் போடலாமாவா? முகூர்த்த ஜாக்கெட்டுல ஒட்டுப் போட மாட்டேன்னு எத்தன பேருகிட்ட அடம் பிடிச்சிருக்கேன். ஆகாதும்பேன். ஆகாமப் போனா போகட்டும். பட்டுச்சேலை உள்தலைப்புல துணி இருக்கு, கொசுவத்துக்குள்ள போயிரும், வெட்டுனா வெளிய தெரியாது. கக்கத்துக்குக் கீழ ரெண்டு பக்கமும் பட்டி வச்சுத் தச்சா, கையக் கீழ போட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. சேலை வீட்டுல இருக்கு. இன்னைக்கே அவளக் கூட்டிக்கிட்டுப் போயிரலாம். ராத்திரிக்குள்ள தச்சிருவேன்.

என்ன கேட்டிய? எத்தன இஞ்சுக்குப் பட்டியா?

அது... அன்னைக்கு நாலு விரக்கடை. அது போன ஞாயித்துக்கிழமை. இந்த ஏழு நாளா அவ எப்பிடி இருக்கா, எப்பிடி ஆயிட்டா... இருங்க. அதுக்கு முந்தி எவ்வளவு இருந்தா? பூ வச்ச அன்னைக்கு எவ்வளவு இருந்தா?

நான் டேப்பு வைக்கலையே தங்கச்சி. ஊருல இருக்க அத்தன பொம்பளைக்கும் வச்சேன், எம் மகளுக்கு வைக்கல. பழைய ஜாக்கெட்ட வச்சே வெட்டிட்டேன். உங்களக் கண்ணால பாத்து முப்பத்தெட்டுன்னு சொல்லத் தெரிஞ்சுது. அவளப் பாக்கும்போதெல்லாம் நான் அந்த ஜாக்கெட்டத்தான் பாத்திருக்கேன் போல. எம் மக அளவு எனக்குத் தெரியாது.

மாட்டுத்தாவணியா? வந்துட்டா? இந்தா எறங்குதேன் கண்டக்டர், ரெண்டு நிமிசம் பொறுங்க. பைய எடுங்க தங்கச்சி. ஜாக்கெட்ட அப்பிடியே சுருட்டித் திணிங்க, கசங்குனா கசங்கட்டும்.

இது என்ன, பால்கோவாவா? வேண்டாம் தங்கச்சி, உங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு வாங்குனது. அத்தனையும் குடுத்துட்டா நீங்க வெறுங்கையோடயா போவிய? ... சரி, குடுங்க. பிரிச்சுக் குடுக்க வேண்டாம், முழுசாவே குடுங்க.

அவளுக்குப் பிடிக்குமான்னு கேக்கவே வேண்டாம். அது ஒண்ணு எனக்குத் தெரியும்.